பின்வாசல் திறந்த வீடு

ரேஷன் கடையிலிருந்து அரிசிப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்த பூரணத்தம்மாள், வாசற்படியில் ஒரு காலை வைத்தவள் வைத்தபடியே நின்றுவிட்டாள். கட்டில் இடம் மாறியிருந்தது. தெற்குச் சுவரை ஒட்டி ஒரு வருஷத்துக்கும் மேலாக அசையாமல் கிடந்த அந்த இரும்புக் கட்டில், இப்போது நடுவீட்டில், முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் நேராக, நூல் பிடித்துப் போட்டதுபோல் கிடந்தது. அதன்மேல் அவள் கணவர் இருளாண்டி, தலை கிழக்கே கடலைப் பார்க்க, கால் மேற்கே பின்வாசலைப் பார்க்க, மல்லாந்து கிடந்தார். தரையெங்கும் சிமெண்ட் தூள் படிந்த செருப்புத் தடங்கள். ஊருக்கு நடைபாதை போடும் வேலைக்காரர்கள் வந்து போயிருக்கிறார்கள்; வீட்டுக்காரி இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறார்கள் என்று மனம் ஒரு வார்த்தையைக் கூட்டிச் சொன்னது, அந்தக் கூட்டிய வார்த்தையிலேயே அது இடறி நின்றது. ஏன் நேரம் பார்த்து வர வேண்டும்? வழியில் கிடந்ததை நகர்த்துவது உண்டு. வழிக்குள் ஒன்றைக் கொண்டுவந்து போடுவது எந்த ஊர் வழக்கம்? வெயில் இன்னும் கூரைக்கு மேல்தான் நின்றது, விளக்கு வைக்கப் பொழுது இருக்கிறது, அதற்குள் யாரையாவது கூப்பிட்டு நகர்த்திவிடலாம், இதற்குப் போய் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்வானேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அரிசிப் பையை இறக்கி வைத்தாள். இறக்கி வைத்தபோதுதான், அதையும் இரண்டு வாசலுக்கும் நடுவில் வைத்துவிட்டதைக் கண்டாள்; சுடுபாத்திரத்தைத் தொட்டவள்போல் அதை வெடுக்கென்று இழுத்து ஓரத்தில் சாத்தினாள். அரிசிப் பையை இழுக்க முடிந்தது. கட்டிலை இழுக்க முடியவில்லை. தலைமாட்டுக் கம்பியைப் பிடித்து, காலைப் படியில் ஊன்றி, மூச்சைப் பிடித்து இழுத்தாள். தரைச் சிமெண்டில் எப்போதோ விழுந்திருந்த ஒரு பிளவுக்குள் கட்டிலின் ஒரு கால் இறங்கி, முளையடித்ததுபோல் நின்றது. இருளாண்டி கண்ணை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு வலப்புறமும் பேச்சும் போய்விட்டன. மிச்சமிருந்தது இடக்கையும் அந்தக் கண்ணும்தான்.

இந்தப் பயத்தை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கடம்பாவூர் உப்பளத்திலிருந்து ஜங்ஷனுக்கு உப்பு ஏற்றிப் போன மீட்டர்கேஜ் ரயில் லயன்தான் அவள் வீடு நிற்கிற இடம். மாலையில் ஒரேயொரு பாசஞ்சர் வண்டியும் அதில் போய்க்கொண்டிருந்தது. கண்மாய் உடைந்த வருஷம் கரை அரித்துப் போக, ரயில்வேக்காரர்கள் அதைக் கைகழுவினார்கள். கைகழுவியதைக் கழற்றி எடுக்க ஒரு பழைய இரும்புக் கான்டிராக்டர் ஆள் கூட்டி வந்தார். அந்த ஆட்களில் ஒருவர்தான் இருளாண்டி. தண்டவாளத்தையும் கட்டைகளையும் பெயர்த்து லாரியில் ஏற்றி முடிந்ததும் கான்டிராக்டர் போய்விட்டார், ஆட்கள் போகவில்லை. மேடான நிலம், வெள்ளம் ஏறாத நிலம், ஏனென்று கேட்க ஆளில்லாத நிலம். தாங்கள் உரித்துப்போட்ட கரையின்மேலேயே வரிசையாக வீடு கட்டிக்கொண்டார்கள். ஊரார் அதற்குத் தண்டவாளத் தெரு என்று பெயர் வைத்தார்கள். அப்போது மேஸ்திரியாக இருந்த கொண்டப்பன் என்ற கிழவர், அஸ்திவாரம் தோண்டும்போதே எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னாராம்: "இரும்பத்தான்டா எடுத்தோம். வழிய எடுக்கல. அத எடுக்க எவன்ட்டயும் கடப்பார கெடையாது." அதனால் அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் முன்வாசலுக்கு நேர் எதிரே பின்வாசல் வைத்தார்கள். முதல் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் கடைசி வீட்டுக்கு அப்பால் இருக்கும் வானம் தெரியும். ஊருலகத்தில் விளக்கு வைக்கும் நேரத்தில் பின்கதவைச் சாத்தி முன்கதவைத் திறப்பார்கள். முன்னால் ஸ்ரீதேவி வரவும், பின்னால் மூதேவி நுழையாதிருக்கவும். தண்டவாளத் தெருவில் மட்டும் அந்த நேரத்துக்கு இரண்டு கதவும் மல்லாக்கத் திறந்திருக்கும். நடுவில் ஒரு பாய், ஒரு சொம்பு, தவழ்கிற பிள்ளை, எதுவும் இருக்காது. எல்லாரும் சுவரோரம் ஒதுங்கி நிற்பார்கள். கிழக்கேயிருந்து ஒரு காற்று வரும். முதல் வீட்டுக் காலண்டர் படபடக்கும், பிறகு அடுத்த வீட்டுக் காலண்டர், பிறகு அதற்கடுத்தது. கடைசி வீட்டைத் தாண்டியதும் நின்றுவிடும். பிறகுதான் விளக்கேற்றுவார்கள். கடற்காற்றுதானே என்று புதிதாய்க் கல்யாணமாகி வந்தபோது பூரணமும் சொன்னாள். "கடக்காத்துன்னா நெதம் ஒரே நேரத்துக்கா வரும்? ஒங்க ஊருக் காத்துக்குக் கைக்கெடியாரம் கட்டி விட்டிருக்கா?" என்று இருளாண்டி கேட்டார். அவள் சிரித்தாள். சிரித்தாளே தவிர, அன்று சாயங்காலமும் சுவரோரம்தான் நின்றாள்.

செல்போனைத் தேடி எடுத்துத் தவசிமுத்துவைக் கூப்பிட்டாள். மருந்துக்கடை வைத்திருப்பவன்; நடைபாதைக் குழுவுக்குச் செயலாளர்; அவளை அக்கா என்றும் இருளாண்டியை அண்ணன் என்றும் வாய் நிறையக் கூப்பிடுபவன். "தவசித் தம்பி, பூரணம் பேசுறேன்" என்று சொல்லி முடிக்குமுன் அவன் குரல் பாய்ந்து வந்தது. "சொல்லுங்கக்கா, அண்ணனுக்கு ஒண்ணுமில்லையே?" எதற்கு இந்தக் கேள்வி முதலில் வர வேண்டும்? "ஒண்ணுமில்ல, நல்லா இருக்காக. கட்டில யாரு நகத்துனது?" "அதுவா? நம்ம ஆளுகதான்க்கா. நானும் கூட இருந்தேன். சுவத்தையே பாத்துக்கிட்டுக் கெடக்காரே மனுசன், கொஞ்சம் காத்தாவது... அது என்னன்னா அக்கா, நாங்க உள்ள வந்தப்ப..." அதற்குள் கடையில் யாரோ சர்க்கரை மாத்திரை கேட்டார்கள், சீட்டு எங்கே என்று இவன் கேட்டான், சீட்டு மழையில் நனைந்துபோனது என்றார்கள். "தம்பி, வந்து பழைய எடத்துலயே போட்டுருங்க. இப்பவே." "இப்பக் கூட்டமா இருக்கேக்கா. கடையில ஆளில்ல. அடச்சிட்டு வாரேன்." "வெளக்கு வைக்கிறதுக்கு முன்னால வந்துரணும்." "ஏன்க்கா, வெளக்கு வச்சப்பறம் கட்டிலு நகர மாட்டேங்குதா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் விவரம் தெரியாதவனின் வெகுளித்தனம் இருந்ததா, விவரம் தெரிந்தவனின் மறைப்பு இருந்ததா? தவசிமுத்து இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். சின்ன வயசில் இந்தத் தெருவழியே பள்ளிக்கூடம் போனவன். அவனுக்கா தெரியாது? தெரிந்தால் செய்வானா? அவன் போனை வைத்த பிறகும் அவள் தன்னுடையதைக் காதிலேயே வைத்திருந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. இருந்தும், தூரத்தில் இரும்பின்மேல் இரும்பு உருளும்போது கேட்கிற ஒரு முனகலை அந்த ஒன்றுமில்லாததிலிருந்து காது பிரித்து எடுக்கப் பார்த்தது.

ஊருக்கு நடக்க ஓரிடம் வேண்டும் என்று பேச்சு கிளம்பியபோது பூரணத்தம்மாளுக்கும் அது நல்ல காரியமாகத்தான் பட்டது. சர்க்கரை வியாதிக்காரர்கள் மெயின் ரோட்டில் லாரிக்கு நடுவே நடந்து, ஒரு வாத்தியாரம்மா அடிபட்டுச் செத்தும் போயிருந்தாள். லயன் கரைதான் நேரானது, மேடானது, நிழலுக்கு வேம்பு வைக்கலாம் என்றார்கள். தெருக்காரர்களுக்கு ஊருக்கு வெளியே அடுக்குவீடு ஒதுக்கினார்கள். ஒவ்வொருவராகச் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போன வீடுகளை ஜேசிபி வந்து தட்டியது. கரைமேல் சிவப்புக் கல் பதித்து, இருபுறமும் சிமெண்ட் பெஞ்சு போட்டு, சூரிய விளக்குக் கம்பம் நட்டு, கூரை இடிந்து கிடந்த ஸ்டேஷனுக்கு வெள்ளையடித்து அதன் சுவரில் முழு நீளத்துக்கு ஒரு ரயில் வண்டியும் வரைந்தார்கள். அதில் ஜன்னல்தோறும் ஆட்களை வரைந்திருந்த ஓவியன் என்ன காரணத்தாலோ முகம் வரையாமல் விட்டிருந்தான். கிழக்கேயிருந்து வரும் பாதை பூரணத்தம்மாள் வீட்டு முன்வாசலில் வந்து முட்டி நிற்கிறது. பின்வாசலிலிருந்து மறுபடி கிளம்பி மேற்கே போகிறது. நடுவில் அந்த ஒரு வீடு மட்டும் தொண்டைக்குள் மாட்டிய முள்ளைப்போல் நிற்கிறது. படுத்த படுக்கையாகக் கிடப்பவரை மூன்றாவது மாடிக்கு எப்படித் தூக்கிப் போவது என்று அவள் கேட்டாள். குழு கூடிப் பேசியது. தவசிமுத்துதான் வந்து சொன்னான்: "அண்ணன் இருக்குற வரைக்கும் இந்த வீட்டுல ஒரு செங்கல்லக்கூட யாரும் தொட மாட்டோம்க்கா. இது ஊரோட வாக்கு." கண்ணில் நீர் வர அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்கும்போதுதான் அந்த வாக்கின் மறுபக்கம் அவளுக்கு உறைத்தது. அண்ணன் இருக்கிறவரைக்கும். அன்றிலிருந்து காலையிலும் மாலையிலும் நடக்க வருகிறவர்கள், வீட்டைச் சுற்றிக்கொண்டு முள்ளுக்குள் இறங்கி ஏறும்போதெல்லாம், "ஐயாவுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள். அந்த அன்பான கேள்வி ஒவ்வொன்றையும் கேட்கும்போது, யாரோ ஒருவர் வீட்டுக்குள் அளவு நாடாவை நீட்டிப் பார்த்துச் சுருட்டிக்கொள்வதுபோல் அவளுக்குத் தோன்றும். நன்றாக இருக்கிறார் என்று சொல்வாள். கொஞ்சம் உரக்கவே சொல்வாள். கஞ்சியை வடிகட்டி, மாத்திரையை நுணுக்கி, புண் வராமல் புரட்டிப் போட்டு, ஒரு நாளைப்போல அவரை இந்தப் பக்கத்தில் பிடித்து வைத்திருப்பது எதற்காக? வீட்டுக்காகவா என்று ஒருநாள் தன்னையே கேட்டுக்கொண்டாள். இல்லை, வீடு போனால் போகட்டும். அவர் இல்லாத இடத்தில் சாயங்காலம் என்று ஒன்று வருமே, அதற்குள் ஒற்றையாய் நிற்க வேண்டுமே, அதற்காகத்தான்.

வெயில் கூரையை விட்டு இறங்கிப் பின்வாசலுக்கு எதிரே இருந்த பெஞ்சின்மேல் உட்கார்ந்தது. பின்கதவைச் சாத்திவிட்டால் என்ன? இந்த எண்ணம் வந்ததும் சிகப்பியின் நினைவும் கூடவே வந்தது. இரண்டும் ஒரே கயிற்றில் கட்டிய வாளிகள்போல, ஒன்று மேலே வந்தால் மற்றதும் ஆடும். சிகப்பி நாலாம் வீட்டுக்கு மருமகளாக வந்தவள். நல்ல குடும்பத்துப் பெண். தாய் சொல்லி வளர்த்த பெண். வந்த மறுவாரம், மாமியார் கண்மாய்க்குப் போயிருந்த சாயங்காலம், பொறுப்பாகப் பின்கதவைச் சாத்தித் தாழ் போட்டு, வாசல் தெளித்து, விளக்கையும் ஏற்றி வைத்தாள். வேறு எந்த வீடாக இருந்தாலும் அதற்காக மாமியார் உச்சி மோந்திருப்பாள். மாமியார் வந்து பார்த்தபோது வீட்டில் ஒன்றும் உடைந்திருக்கவில்லை. விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. சிகப்பி நடுவீட்டில் நின்றுகொண்டிருந்தாள், அவ்வளவுதான். ஆனால் அவள் கால்களைக் கொஞ்சம் அகட்டி வைத்து, ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, லேசாக இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து அவள் சுவரைப் பிடிக்காமல் நடந்ததில்லை. ஓடுகிற வண்டிக்குள் நடக்கிறவர்கள் எப்படி ஒவ்வொரு பெஞ்சாகப் பற்றிப் பற்றிப் போவார்களோ அப்படித்தான் அடுப்படிக்குப் போவாள். குடத்தைத் தரையில் வைத்தால் அது சரிந்துவிடாமல் கையை விடாது நிற்பாள். டாக்டர்கள் காதில் கோளாறு என்றார்கள், தலையைப் படம் எடுத்தார்கள். பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போக அண்ணன் வந்தபோது அவனிடம் அவள் கேட்டாளாம்: "அண்ணே, நிக்கவே மாட்டேங்குதே, எப்படி எறங்குறது?" பூரணத்தம்மாள் அந்தக் கேள்வியைக் காதால் கேட்டவள் அல்லள், சொல்லிக் கேட்டவள். ஆனாலும் இத்தனை வருஷத்தில் அந்தக் குரல் அவளுக்குள் சொந்தக் குரலாகவே ஊறிப்போயிருந்தது. பின்கதவைச் சாத்தினால் வருவது வெளியே நிற்காது, உள்ளே நிற்கும். திறந்து வைத்தாலோ, வழியில் கிடப்பது அவர். சாத்தினால் ஒரு விதம், திறந்தால் ஒரு விதம். இந்த இரண்டுக்கும் நடுவே, பிளவில் மாட்டிய கட்டில் காலைப்போல அவள் மனம் இறங்கி நின்று அசைய மறுத்தது.

முள்ளுக்குள் இறங்கிச் சுற்றிவரும் செருப்புச் சத்தம் கேட்டு வெளியே ஓடினாள். ரிட்டயரான இரண்டு டீச்சர்கள், தினமும் நடக்க வருகிறவர்கள். "டீச்சர், ஒரு கை பிடிக்கிறீகளா? கட்டில கொஞ்சம் நகத்தணும்." இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பருமனான டீச்சர் முதலில் உள்ளே வந்தாள். வந்த வேகத்தில் ஒரு நடுக்கம் நடுங்கி, முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "என்னம்மா இது, வெளிய அனல் பறக்குது, ஒங்க வீட்டுக்குள்ள ஐஸ்பொட்டி மாதிரி இருக்கு!" மெலிந்த டீச்சர் படியிலேயே நின்றாள். "நான் தூக்கக் கூடாதும்மா. முதுகுக்கு பெல்ட்டு போட்டிருக்கேன்." "ஒனக்கு முதுகு, எனக்கு முழங்காலு. ரெண்டையும் சேத்தா ஒரு முழு ஆளு தேறாது. சும்மா வாடி, புண்ணியமாப் போகும்" என்று மற்றவள் இழுத்தாள். மூன்று பெண்களும் கம்பியைப் பிடித்துத் தூக்கினார்கள். கட்டில் முனகியது, இம்மிகூட எழும்பவில்லை. பருமனான டீச்சர் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். "கால் உள்ள போயிருச்சும்மா. ஆம்பளையாளு கடப்பாரையோட வந்தாத்தான் ஆகும்" என்றவள், இருளாண்டியின் முகத்தருகே குனிந்து, காது கேளாதவரிடம் பேசுவதுபோல், "ஐயா, நல்லா இருக்கீங்களா?" என்று கத்தினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவர் பார்வை தன் கால்களுக்கு மேலாக, பின்வாசலுக்கு அப்பால், சிவப்புக்கல் பாதை ஒரு புள்ளியாய்க் குறுகி மறைகிற இடத்தில் இருந்தது. "எங்கேயோ பாக்குறாரே" என்று மெலிந்தவள் படியிலிருந்தே முணுமுணுத்தாள். பிறகு இருவருக்கும் திடீரென்று அவசரம் வந்துவிட்டது. "வெளக்கு வைக்க நேரமாச்சும்மா, வீட்டுல தொறந்தது தொறந்தபடி கெடக்கு" என்றாள் ஒருத்தி. இறங்கிப் போகும்போது மற்றவள் அக்கறையோடு திரும்பிச் சொன்னாள்: "பின்கதவ அடைங்கம்மா முதல்ல. வீட்டுல இருக்குற லச்சுமியும் அந்த வழியாப் போயிருவா." செருப்புச் சத்தம் பாதையில் தேய்ந்தது. அது தேய்ந்த பிறகு பாதையில் வேறு யாரும் வரவில்லை. கம்பத்து விளக்குகள் இன்னும் எரியத் தொடங்கவில்லை. வேப்பங்கன்றுகளைச் சுற்றிக் கட்டியிருந்த பச்சை வலைகள், காற்றே இல்லாதபோதும், ஒன்றன்பின் ஒன்றாக லேசாக மூச்சு விடுவதுபோல் அவள் கண்ணுக்குப் பட்டன. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் நின்றிருந்தன. பார்வையை எடுத்தால் மறுபடி.

கட்டிலை நகர்த்த முடியாவிட்டால் ஆளை நகர்த்தலாமே என்ற யோசனை இத்தனை நேரம் வராமல் போனதற்காகத் தன் தலையில் அடித்துக்கொண்டாள். சுவரோரம் பாயை விரித்து, அதன்மேல் ஜமுக்காளத்தைப் போட்டு, அவருடைய அக்குளில் கை கொடுத்து, "ஏங்க, கொஞ்சம் எந்திரிச்சுக் குடுங்க. கீழ படுத்துக்கலாம், சித்த நேரம்தான்" என்று தூக்கினாள். அவர் உடம்பு கனத்தது. தினமும் புரட்டிப் போடுகிற உடம்புதான். அதன் கனம் அவளுக்குத் தெரியும். இன்று அந்தக் கனத்துக்குமேல் வேறொரு கனம் இருந்தது. பார்த்தால், அவருடைய இடக்கை கட்டிலின் ஓரக் கம்பியை வளைத்துப் பிடித்திருந்தது. விரல் விரலாகப் பிரித்தாள். கட்டைவிரலைப் பிரித்துவிட்டு ஆட்காட்டி விரலுக்கு வருவதற்குள் கட்டைவிரல் மறுபடி போய் மூடிக்கொண்டது. "பயப்படாதீக. நான் இருக்கேன்ல? விடுங்க" என்றாள். அவர் விடவில்லை. கடப்பாரை பிடித்த கை. ஒரு காலத்தில் துருவேறிய ஆணிகளைக் கல்லுக்குள்ளிருந்து நெம்பி எடுத்த கை. அந்தக் கைக்குள் இவ்வளவு வலு மிச்சமிருப்பதை இந்த ஒரு வருஷத்தில் அவர் ஒருநாளும் அவளுக்குக் காட்டியதில்லை. சோற்றுக்கும் மருந்துக்கும் அசையாத கை இப்போது எதற்காக இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறது? வீட்டுக்குள் நிழல் தரையிலிருந்து சுவருக்கு ஏறத் தொடங்கியிருந்தது. அவள் நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, காகங்கள் கத்துவதை நிறுத்தியிருந்தன.

முதலில் தண்ணீர்க் குடத்துக்குத்தான் அது தெரியும். அடுப்படி முக்கில் இருந்த குடத்தின் நீர்ப்பரப்பில் ஒரு வளையம் தோன்றி விரிந்தது; அது விளிம்பைத் தொடுமுன் இன்னொன்று. அலமாரியில் தட்டுகள் ஒன்றையொன்று உரசி, பல் கிட்டுவதுபோல் நுண்ணிய ஓர் ஓசையை எழுப்பின. எப்போதும் இவ்வளவுதான், இதன் பிறகு காற்று வரும், போகும், விளக்கேற்றலாம். பூரணத்தம்மாள் பின்கதவைப் பார்த்தாள். ஓடிப்போய்ச் சாத்த நேரமிருந்தது. சிகப்பி கால் அகட்டி நின்ற நிலையும் கண்முன் இருந்தது. கால்கள் பின்கதவுக்குப் போகவில்லை. சுவரோரம் ஒதுங்கவும் இல்லை. அவள் முன்வாசலுக்கும் கட்டிலின் தலைமாட்டுக்கும் நடுவே போய், கிழக்கே முகம் காட்டி நின்றாள். வாழ்நாளில் அந்த நேரத்தில் அந்த இடத்தில் அவள் நின்றதில்லை. பாதை வெறுமையாகக் கிடந்தது. வெறுமையாகக் கிடந்த பாதையின் தூரக் கோடியில், சிவப்புக் கற்கள் தம் நிறத்தை ஒவ்வொன்றாக இழந்துகொண்டே வந்தன. யாரோ ஒரு கறுப்புப் போர்வையின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவளை நோக்கி ஓடி வருவதுபோல. பிறகு நனைந்த கரியின் வாடை. பிறகு முகத்தில், மாட்டின் மூச்சுப்போல் ஈரமும் வெம்மையுமாக, காற்று. அது எப்போதும்போல் கடந்து போகவில்லை. வந்தது, அவள் முகத்துக்கு முன்னால் வேகம் குறைந்தது, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு, நின்றது. காலண்டர் படபடக்கவில்லை, பாதி எழும்பிய தாள் எழும்பியபடியே அந்தரத்தில் நின்றது. வீடு முழுவதும், ஓடி வந்து நின்ற இரும்பு குளிரும்போது எழும் கிட் கிட் என்ற சின்னச் சத்தம். இத்தனை வருஷமும் இது போவதை மட்டுமே அறிந்திருந்தாள். நிற்பதற்கு வேண்டிய காரணம் இன்றுதான் வழியில் கிடக்கிறது.  அவள் வாய் திறந்தது, அவளே எதிர்பாராதபடி, சந்தையில் வியாபாரியிடம் பேசும் தடித்த குரல் வந்தது: "எறங்குற ஆளு இங்க யாருமில்ல. ஏறுற ஆளும் யாருமில்ல. எதுக்கு நிக்கிறீக? போங்க."  இருட்டுக்குள் யாரோ ஒருவர் அவளுடைய தோளுக்கு மேலாக எட்டி, கட்டிலைப் பார்ப்பதுபோல் இருந்தது. கையை இருபுறமும் விரித்து மறைத்தாள். "போங்கங்கிறேன்ல!" எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ தெரியாது. பிறகு அந்தரத்தில் நின்ற தாள் சுவரில் அடித்து விழுந்தது. காற்று அவளுடைய விரித்த கைகளுக்கு அடியிலும் காதோரங்களிலும் பிளந்துகொண்டு, கட்டிலின் இருபுறமும் வழிந்து, பின்வாசலால் வெளியேறி, மேற்கே, சத்தம் தேயத் தேயப் போய்ச் சேர்ந்தது. பாதையில் கம்பத்து விளக்குகள் பளிச்சென்று எரிந்தன.

அவள் திரும்பி, முதலில் அவருடைய மார்பில் கை வைத்துப் பார்த்தாள். ஏறி இறங்கியது.  "போயாச்சு. ஒண்ணுமில்ல, போயாச்சு, பாருங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் முகத்தைத் தடவினாள். கை நனைந்தது. இருளாண்டியின் கண்களிலிருந்து நீர் இருபுறமும் காதை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அவருடைய கோணிய வாய் அசைந்தது. ஒரு வருஷமாக ஒரு சொல்லும் வராத வாய். காற்று முதலில் வந்தது, எச்சில் வந்தது, பிறகு, நடைமேடையில் மூட்டையோடு ஓடி வந்தும் வண்டியைத் தவறவிட்ட ஒருவரின் குரலில், குழறலாக, ஆனால் அவளுக்குச் சந்தேகமில்லாமல் விளங்கும்படியாக, சொல் வந்தது. "போயிருச்சே." அவள் கை அவர் கன்னத்திலேயே இருந்தது. "போயிருச்சே, பூரணம்." அவர் முகத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார், கட்டில் நடுவீட்டில் கிடந்ததால் திருப்பிக்கொள்ளச் சுவர் இல்லை.

தவசிமுத்து ஒரு கையில் கடப்பாரையும் இன்னொரு கையில் டார்ச்சுமாக, மூச்சு வாங்க வந்து படியேறினான். "மன்னிச்சுக்கங்கக்கா, லேட்டாயிருச்சு. கடைசியா ஒரு கெழவரு வந்து உக்காந்துக்கிட்டு, எந்த மாத்தர எதுக்குன்னு ஒண்ணொண்ணா வெளக்கம் கேக்குறாரு. என்னக்கா, இன்னும் வெளக்குக்கூடப் போடாம உக்காந்திருக்கீங்க?" சுவிட்சை அவனே தேடிப் போட்டான். பூரணத்தம்மாள் கட்டிலோரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். "சொல்லுங்க, எந்தப் பக்கம் போடணும்? பழைய எடந்தானே? மத்தியானம் வந்தப்பவே நான் சொன்னேன்க்கா, அக்கா வரட்டும், கேட்டுட்டுச் செய்வோம்னு. அண்ணன்தான் விடல." அவள் தலை நிமிர்ந்தாள். "அவுகளா?" "ஆமாக்கா, அதத்தான் போன்ல சொல்ல வந்தேன், அதுக்குள்ள ஆளு வந்துட்டாக. நாங்க பாதைக்கு லெவல் பாக்க வாசல்ல நின்னோமா, உள்ளருந்து கம்பியத் தட்டுற சத்தம். எட்டிப் பாத்தா, அண்ணன் இந்தக் கைய நீட்டி நடுவுல காட்டுறாரு. இங்கயா, இங்கயான்னு கேட்டு ஒவ்வொரு அடியா நகத்துனோம். இல்ல இல்லன்னு கையாட்டுறாரு. கரெக்டா ரெண்டு வாசலுக்கும் நேரா வந்தப்பறந்தான் கைய எறக்குனாரு. பயலுக சிரிச்சாங்க, பெரியவரு இன்னும் லயனுக்கு லெவல் பாக்குறாருன்னு." கடப்பாரையின் நுனியைப் பிளவுக்குள் விட்டு, காலை அகட்டி நின்றுகொண்டான். "பிடிங்கக்கா அந்தப் பக்கம். நெம்புறேன்."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கதவுக்கு வெளியே மேற்கே போகிற பாதை விளக்கு வெளிச்சத்தில் சுத்தமாக, யாருக்கோ பெருக்கி வைத்ததுபோல் கிடந்தது. இந்த மனுஷரை இந்த ஒரு வருஷமும் சுவரோரத்தில் போட்டு, ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு கை தூரத்தில் அது கடந்து போகப் போக, முகத்தைத் துடைத்துவிட்டுக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தோமே என்று நினைத்தாள். நினைப்பு அந்த இடத்தில் வழக்கம்போல் இடறவில்லை. நேராக, முடிவுவரை போனது.

"இருக்கட்டும் தம்பி" என்றாள்.

"என்னக்கா?"

"கட்டிலு அங்கனயே இருக்கட்டும்."

"பின்ன எதுக்குக்கா அப்படிப் பதறிப்போயிக் கூப்பிட்டீங்க? நான் கடப்பாரைக்கு ரெண்டு வீடு ஏறி எறங்கி வாரேன்!"

"அப்பப் பதட்டமாத்தான் இருந்துச்சு."

 அவன் கடப்பாரையை உருவித் தோளில் வைத்துக்கொண்டான். படியிறங்கியவன், "பின்கதவையாவது சாத்திட்டுப் போகவா? கொசு வருது" என்றான்.

"அதுவும் இருக்கட்டும்."

அவனுடைய டார்ச் வெளிச்சம் முள்ளுக்குள் இறங்கி, ஏறி, மறைந்தது. பூரணத்தம்மாள் எழுந்து அரிசிப் பையைப் பிரித்து, ஒரு ஆழாக்கு அளந்து, கஞ்சிக்குக் கழுவி வைத்தாள். அது இன்றைக்கு. நாளைக்குப் பொழுது விடிந்ததும் நாவிதரைக் கூப்பிட்டு அவருக்கு முகம் மழித்துவிடச் சொல்ல வேண்டும். வெந்நீர் வைத்து உடம்பு துடைத்து, பெட்டியில் மடித்து வைத்திருக்கிற வெளுத்த வேட்டியையும் சட்டையையும் எடுத்துப் போட்டுவிட வேண்டும். இதையெல்லாம் சாயங்காலத்துக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று எண்ணிக்கொண்டே அடுப்பைப் பற்ற வைத்தாள்.